ஆற்றல் குறைத்த கறிக்கோழித் தீவனம்

ஆற்றல் குறைத்த கறிக்கோழித் தீவனம் என்பது, கறிக்கோழிகளுக்குப் பரிந்துரைக்கப்படும் அளவைவிட வளர்சிதைமாற்ற ஆற்றல் குறைவாக இருக்குமாறு கலக்கப்படும் தீவனம் ஆகும். கறிக்கோழி வளர்ப்பில் ஆகும் செலவில் பெரும்பங்கு தீவனத்துக்கே செல்கிறது. தீவனச் செலவில் பெரும்பங்கு ஆற்றலுக்குச் செல்கிறது. எனவே மக்காச்சோளம், தாவர எண்ணெய் ஆகியவற்றின் விலை ஏறும் காலங்களில் ஆற்றல் அளவைச் சற்றுக் குறைத்து, அந்தக் குறையை நொதிகள், பால்மமாக்கிகள் போன்ற துணைச்சேர்க்கைகளால் ஈடுசெய்யும் முறை உலகின் பல பகுதிகளிலும் கைக்கொள்ளப்படுகிறது. துணைச்சேர்க்கைகள் ஆற்றலை உண்டாக்குவதில்லை. கோழி செரிக்காமல் எச்சத்தில் கழித்துவிடும் ஆற்றலின் ஒரு பகுதியை அவை மீட்டுத் தருகின்றன. மீட்பதற்கு உரிய பொருள் தீவனத்தில் இல்லாதபோது அவற்றால் பயன் இல்லை என்பது இம்முறையின் அடிப்படை வரம்பாகும்.

ஆற்றல் அளவீடு

தீவனத்தை முழுமையாக எரித்தால் வெளிப்படும் வெப்பம் அதன் மொத்த ஆற்றல் ஆகும். அதிலிருந்து எச்சத்தில் வெளியேறும் ஆற்றலைக் கழித்தால் கிடைப்பது வளர்சிதைமாற்ற ஆற்றல் எனப்படுகிறது. பறவைகளில் மலமும் சிறுநீரும் ஒரே வழியாக வெளியேறுவதால், பாலூட்டிகளைவிடக் கோழிகளில் இதனை அளப்பது எளிது. பன்றிக்கும் மாட்டுக்கும் வேறு அளவீடுகள் வழக்கில் இருக்க, கோழிக்கு இது நிலைத்துப்போனதற்கு இவ்வசதியும் ஒரு காரணம். இது ஒரு கிலோகிராம் தீவனத்துக்கு இத்தனை கிலோகலோரி என்று குறிக்கப்படுகிறது.

ஐக்கிய அமெரிக்காவின் தேசிய ஆய்வுக் கழகம் 1994ஆம் ஆண்டு வெளியிட்ட அட்டவணைப்படி மக்காச்சோளத்தின் ஆற்றல் கிலோவுக்கு 3350 கிலோகலோரி. 44 விழுக்காடு புரதமுள்ள சோயாப் பிண்ணாக்கின் ஆற்றல் 2230 கிலோகலோரி. தாவர எண்ணெய்களில் பலவற்றின் ஆற்றல் 8800 கிலோகலோரியை ஒட்டி அமைகிறது. இந்த மூன்று எண்களை வைத்தே கறிக்கோழித் தீவனத்தின் கணக்கைப் பெரும்பாலும் புரிந்துகொள்ளலாம்.

பின்னணி

இன்றைய கறிக்கோழி, அரை நூற்றாண்டுக்கு மேலாக விரைவான வளர்ச்சிக்கெனத் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்யப்பட்ட பறவை ஆகும். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005 ஆகிய ஆண்டுகளின் மரபு வழிகளைச் சேர்ந்த கோழிகளை ஒரே தீவனமிட்டு வளர்த்து ஒப்பிட்டனர். 2014இல் வெளியான அம்முடிவுகளின்படி 56ஆம் நாளில் அவற்றின் சராசரி எடை முறையே 905 கிராம், 1808 கிராம், 4202 கிராம். தீவனம் ஒன்றே என்பதால் வேறுபாடு முழுவதும் மரபுவழியினது.

இத்தகைய வளர்ச்சிக்கு ஏற்பத் தீவனத் தரங்களும் உயர்ந்தன. மேற்குறித்த அமெரிக்கத் தரம் எல்லா வயதுக்கும் 3200 கிலோகலோரி ஆற்றலைப் பரிந்துரைத்தது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 2007ஆம் ஆண்டுத் தரத்தில், பண்ணைகளில் பிரீஸ்டார்ட்டர், ஸ்டார்ட்டர், பினிஷர் என்று வழங்கும் மூன்று கட்டத் தீவனங்களுக்கும் ஆற்றல் அளவு முறையே 3000, 3100, 3200 கிலோகலோரி. புரத அளவு 23, 22, 20 விழுக்காடு. வயது ஏற ஏற ஆற்றல் கூடுவதையும் புரதம் குறைவதையும் இதில் காணலாம். குஞ்சுப் பருவத்தில் தசையும், விற்பனைக்கு நெருங்கிய பருவத்தில் உடலைப் பேணும் தேவையும் கொழுப்புப் படிவும் மேலோங்குவதே இதற்குக் காரணம்.

இந்தியாவில் ஆற்றல் குறைப்பின்மீது கவனம் திரும்பியதற்கு மூலப்பொருள் சந்தையே முதன்மைக் காரணம். 2021இல் சோயாப் பிண்ணாக்கின் விலை மிக உயர்ந்ததால், அவ்வாண்டு ஆகஸ்டில் மரபணு மாற்றப்பட்ட சோயாவின் பிண்ணாக்கை 12 இலட்சம் டன் வரை இறக்குமதி செய்ய நடுவண் அரசு இசைவு தந்தது. 2023ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து எத்தனால் ஆலைகள் மக்காச்சோளத்தைக் கூடுதலாக வாங்கத் தொடங்கின. வழக்கமாக மக்காச்சோளத்தை ஏற்றுமதி செய்துவந்த நாடு 2024இல் அதனைப் பெருமளவில் இறக்குமதி செய்யும் நிலை ஏற்பட்டது.

குறைப்பின் கணக்கு

ஓர் எடுத்துக்காட்டு: 100 கிலோ தீவனத்தில் மக்காச்சோளம் 60 கிலோ, சோயாப் பிண்ணாக்கு 32 கிலோ, எண்ணெய் 4 கிலோ, தாது உப்புகளும் உயிர்ச்சத்துகளும் பிறவும் 4 கிலோ எனக் கொள்ளலாம். மேற்கண்ட மதிப்புகளின்படி இதன் ஆற்றல் கிலோவுக்கு ஏறத்தாழ 3076 கிலோகலோரி. இதில் ஒரு கிலோ எண்ணெயை எடுத்துவிட்டு ஒரு கிலோ மக்காச்சோளத்தைச் சேர்த்தால் ஆற்றல் கிலோவுக்கு 54.5 கிலோகலோரி குறையும். அதாவது, 100 கிலோகலோரி குறைப்பதற்கு டன்னுக்கு 18 கிலோ எண்ணெயை நீக்க வேண்டியிருக்கும். எண்ணெய் தானியத்தைவிடப் பன்மடங்கு விலை உடையது ஆகையால், ஒரு டன்னில் மிச்சமாகும் தொகை சிறிதன்று.

மற்றொரு வழி, மக்காச்சோளத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாக ஆற்றல் குறைந்த மலிவான பொருட்களைச் சேர்ப்பதாகும். தமிழ்நாட்டில் எண்ணெய் நீக்கிய அரிசித் தவிடு, கம்பு, சூரியகாந்திப் பிண்ணாக்கு ஆகியவை இவ்வாறு பயன்படுகின்றன. எத்தனால் ஆலைகளில் மாவுச்சத்து எடுக்கப்பட்ட பின் எஞ்சும் உலர் தானியச் சக்கையும் இப்போது இப்பட்டியலில் சேர்ந்துள்ளது. தானியத்தில் மூன்றில் இரு பங்கான மாவுச்சத்து நீங்கிவிடுவதால் புரதம், நார், பாசுபரசு ஆகியவை சக்கையில் ஏறத்தாழ மும்மடங்காகச் செறிகின்றன. தானியத்தில் இருந்த பூஞ்சை நஞ்சும் அவ்வாறே மும்மடங்காகச் செறிகிறது. அபிளாடாக்சின் கல்லீரலைத் தாக்கிப் பித்தநீர்ச் சுரப்பையும் கொழுப்புச் செரிமானத்தையும் கெடுப்பதால், மலிவென்று வாங்கிய சக்கை உண்மையில் ஆற்றலை மேலும் குறைத்துவிடக்கூடும். நச்சுப் பிணைப்பிகள் எனப்படும் களிமண் வகைச் சேர்க்கைகள் அபிளாடாக்சினை ஓரளவு பிடித்துவைக்கின்றன. பிற பூஞ்சை நஞ்சுகள் பலவற்றிடம் அவற்றின் ஆற்றல் குறைவு.

கோழி ஈடுசெய்யும் விதம்

கோழி தன் ஆற்றல் தேவைக்கேற்பவே உண்ணும் என்ற கருத்து 1950களிலேயே நிலைபெற்றது. இதன்படி தீவனத்தின் ஆற்றல் 3100இலிருந்து 3000 ஆகக் குறைந்தால் கோழி ஏறத்தாழ 3.3 விழுக்காடு கூடுதலாக உண்டு அதே அளவு ஆற்றலைப் பெற்றுக்கொள்ளும். கனடாவின் குவெல்ஃபு பல்கலைக்கழகத்தில் இலீசன், கேசுடன், சம்மர்சு ஆகியோர் 1996இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. 2700 முதல் 3300 கிலோகலோரி வரை ஆற்றலுள்ள தீவனங்களை விருப்பம்போல் உண்ணவிட்டபோது சேவல் குஞ்சுகளின் வளர்ச்சியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு ஏற்படவில்லை. ஆற்றல் குறைந்த தீவனத்தைக் கோழிகள் கூடுதலாக உண்டன, அவற்றின் உடற்கொழுப்பு குறைந்தது. உண்ணும் அளவைக் கட்டுப்படுத்தியபோது ஆற்றல் குறைந்த தீவனம் வளர்ச்சியைக் குறைத்தது.

ஆயினும் எல்லா ஆய்வுகளும் இவ்வாறு முடியவில்லை. இன்றைய மரபுவழிக் கோழிகள் எந்நேரமும் குடல் கொள்ளும் அளவுக்கு நெருக்கமாகவே உண்பதால் அவற்றுக்கு மேலும் உண்ண இடம் குறைவு என்று பல ஆய்வாளர்கள் கருதுகின்றனர். ஈடுசெய்தல் முழுமையாக நிகழ்வது தீவனத்தின் பருவடிவத்தையும் பொறுத்தது. குச்சித் தீவனத்தைக் கோழி விரைவாக உண்டுவிடும். அதே கலவையைத் தூளாக இட்டால் உண்பதற்கு நெடுநேரம் ஆகும். எனவே ஆற்றல் குறைத்த தீவனம் குச்சியாகவோ குருணையாகவோ இருக்கும்போது வெற்றிபெறும் வாய்ப்பு கூடுகிறது. குஞ்சுகளுக்கு முதல் பத்து நாட்களில் இவ்வாய்ப்பு மிகக் குறைவு. அவற்றின் குடல் சிறியது.

கூடுதலாக உண்ணும் கோழி ஆற்றலோடு புரதத்தையும் கூடுதலாக உண்கிறது என்பது கவனிக்கத்தக்கது. ஆகவே ஆற்றலைக் குறைக்கும்போது அமினோ அமிலங்களையும் அதே விகிதத்தில் குறைப்பதா என்ற வினா எழுகிறது. கோழி ஈடுசெய்து உண்ணும் என்று உறுதியாகத் தெரிந்தால் குறைக்கலாம். தெரியாவிட்டால், லைசின், மெத்தியோனின், திரியோனின் ஆகியவற்றைக் குறைக்காமல் விடுவதே பாதுகாப்பானது. ஏனெனில் ஆற்றல் குறைவதால் கொழுப்புப் படிவு முதலில் குறையும். அமினோ அமிலம் குறைந்தால் நெஞ்சுக்கறியே குறையும். மிகுதியாகும் புரதத்துக்கும் ஒரு விலை உண்டு. அது யூரிக் அமிலமாக வெளியேறி ஆழ்கூளத்தை ஈரமாக்கி அம்மோனியாவைப் பெருக்கும்.

ஆற்றலை நீர்க்கச் செய்வதற்காகச் சேர்க்கப்படும் நார் எப்போதும் தீங்கானது அன்று. ஓட்சு உமி போன்ற கரையாத நாரை 2 அல்லது 3 விழுக்காடு சேர்த்தபோது அரைவைப்பை நன்கு வளர்ந்து, பிற சத்துகளின் செரிமானம் மேம்பட்டதாகப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. நார் என்றாலே வெறும் நிரப்பி என்ற பழைய பார்வை இதனால் மாறிவருகிறது.

துணைச்சேர்க்கைகள்

நொதிகள்

ஆற்றல் குறைத்த தீவனங்களில் மிகுதியாகப் பயன்படுவன நொதிகளே. தாவரப் பொருட்களில் உள்ள பாசுபரசில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு பைட்டிக் அமிலத்தோடு பிணைந்திருப்பதால் கோழிக்கு எளிதில் கிடைப்பதில்லை. இதனை விடுவிக்கும் பைட்டேசு நொதி 1991இல் வணிக அளவில் விற்பனைக்கு வந்தது. பைட்டிக் அமிலம் புரதங்களையும் தாதுக்களையும் பிடித்துக்கொள்வதால், அதனைச் சிதைக்கும்போது பாசுபரசுடன் சிறிதளவு அமினோ அமிலங்களும் ஆற்றலும் கிடைக்கின்றன. டைகால்சியம் பாசுபேட்டின் பயன்பாட்டைக் குறைத்ததும், எச்சத்தின் வழியே நிலத்துக்கும் நீர்நிலைக்கும் செல்லும் பாசுபரசைக் குறைத்ததும் பைட்டேசின் மறுக்கவியலாத பயன்கள். எல்லாத் துணைச்சேர்க்கைகளிலும் ஐயத்துக்கு மிகக் குறைவாக இடம் தருவது இதுவே எனலாம்.

சைலனேசு, குளுக்கனேசு ஆகியவற்றின் நிலை வேறு. ஐரோப்பாவில் கோதுமையும் வாற்கோதுமையும் முதன்மைத் தானியங்கள். இவற்றில் உள்ள கரையும் நார்ப்பொருட்கள் குடலில் பசைபோல் தடித்து, செரிமான நொதிகள் உணவோடு கலப்பதைத் தடுக்கின்றன. கோழிகளின் எச்சமும் பிசுபிசுப்பாகிறது. அங்கு இந்நொதிகள் கண்கூடான மாற்றத்தை ஏற்படுத்தின. மக்காச்சோளத்தில் கரையும் நார் மிகக் குறைவு. எனவே கோதுமைத் தீவனத்தில் பெறப்பட்ட முடிவுகளை மக்காச்சோளம், சோயா கலந்த இந்தியத் தீவனத்துக்கு அப்படியே பொருத்துவது தவறாகும். மக்காச்சோளத்தில் சைலனேசின் பயன் பெரும்பாலும் உயிரணுச் சுவர்களைத் திறந்து உள்ளே அடைபட்ட மாவுச்சத்தையும் புரதத்தையும் விடுவிப்பதிலும், உடைபட்ட நார்த் துண்டுகள் பெருங்குடல் நுண்ணுயிரிகளுக்கு உணவாவதிலும் அமைகிறது. இப்பயன் சிறியது, தானியத்தின் தரத்துக்கேற்ப மாறக்கூடியது.

சோயாப் பிண்ணாக்கில் உள்ள இராபினோசு, சிடாக்கியோசு ஆகிய சருக்கரைகளை உடைக்கும் நொதி கோழியின் சிறுகுடலில் இல்லை. அதிலுள்ள மன்னன் எனும் நார்ப்பொருளை மன்னனேசு சிதைக்கிறது. செரிக்காத புரதத்தை உடைப்பதற்குப் புரோட்டியேசு சேர்க்கப்படுகிறது. அரிசித் தவிடும் சூரியகாந்திப் பிண்ணாக்கும் கூடுதலாகச் சேர்க்கப்படும் தீவனத்தில் நொதிகள் செயல்பட வேண்டிய நார்ப்பொருளும் பைட்டேட்டும் மிகுதி. ஆற்றலை எண்ணெயை நீக்கிக் குறைத்த தீவனத்துக்கும், தவிட்டைச் சேர்த்துக் குறைத்த தீவனத்துக்கும் ஒரே நொதி ஒரே பயனைத் தராது என்பது இதனால் விளங்கும்.

நொதி விற்பனையாளர்கள் தங்கள் பொருள் இத்தனை கிலோகலோரியை மீட்டுத் தரும் என்று ஒரு மதிப்பைக் குறிப்பிடுவர். தீவனம் வகுப்போர் அந்த மதிப்பைக் கணினியில் ஒரு மூலப்பொருளின் ஆற்றலைப்போல் இட்டு, அதற்கேற்ப எண்ணெயைக் குறைக்கின்றனர். ஒரு நொதிக்கு 60 கிலோகலோரி, மற்றொன்றுக்கு 80 கிலோகலோரி என்று குறிக்கப்பட்டிருந்தால், இரண்டையும் சேர்க்கும்போது 140 கிடைக்கும் என்று எதிர்பார்க்க இயலாது. இரண்டும் செரிக்காமல் எஞ்சிய அதே பொருளில் பங்குகொள்கின்றன. முதல் நொதி மீட்டெடுத்த பின் இரண்டாவதற்கு எஞ்சுவது குறைவு. மூலப்பொருள் ஏற்கெனவே நன்கு செரிக்கக்கூடியதாக இருந்தாலும் மீட்பதற்கு மிகுதியாக ஒன்றும் இராது.

நொதிகள் புரதங்கள் ஆகையால் வெப்பத்தில் சிதையும். குச்சித் தீவனம் தயாரிக்கும்போது நீராவியால் கலவை 75 முதல் 90 பாகை செல்சியசு வரை சூடாகிறது. மேலுறை இட்ட நொதிகளும், வெப்பத்தைத் தாங்கும் வகைகளும், குச்சி ஆறிய பின் திரவமாகத் தெளிக்கும் முறையும் இதற்காகவே உருவாயின. காகிதத்தில் சேர்க்கப்பட்ட நொதி தீவனத் தொட்டியை அடையும்போது உயிர்ப்போடு இருக்கிறதா என்பதை ஆய்வகத்தில் அளந்தே அறிய முடியும்.

பால்மமாக்கிகள்

முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுக்கு முதல் ஓரிரு வாரங்களில் பித்த உப்பும் கொழுப்பைச் செரிக்கும் இலைபேசு நொதியும் போதிய அளவில் சுரப்பதில்லை. லெசித்தின், லைசோலெசித்தின் போன்ற பால்மமாக்கிகள் கொழுப்பைச் சிறு துளிகளாகப் பிரித்து இக்குறையை ஓரளவு நிரப்புகின்றன. இளம் வயதிலும், பாமாயில், விலங்குக் கொழுப்பு போன்ற நிறைவுற்ற கொழுப்புகள் சேர்க்கப்படும்போதும் இவற்றின் பயன் கூடுதல். எண்ணெயே சேர்க்காத தீவனத்தில் பால்மமாக்கி செயல்படுவதற்கு மிகக் குறைந்த வேலையே உண்டு. செலவைக் குறைக்க எண்ணெயை முழுவதும் நீக்கிவிட்டு, அதற்கு ஈடாகப் பால்மமாக்கியைச் சேர்ப்பது முரணான செயலாகும். எனினும் அது அரிதன்று.

பிற சேர்க்கைகள்

டி.எல்.-மெத்தியோனின், எல்-லைசின், எல்-திரியோனின் ஆகிய தனி அமினோ அமிலங்கள் இன்று ஏறத்தாழ எல்லா வணிகத் தீவனங்களிலும் உள்ளன. பீட்டெயின், உடலில் மெத்தில் தொகுதிகளை வழங்குவதோடு உயிரணுக்களின் நீர்ச் சமநிலையைக் காக்கவும் உதவுகிறது. இலாக்டோபேசிலசு, பேசிலசு இனங்களைச் சேர்ந்த நன்மை தரும் நுண்ணுயிரிகள், ஈசுட்டின் சுவரிலிருந்து பெறப்படும் மன்னன் சருக்கரைகள், பார்மிக் அமிலம், பியூட்டிரேட்டு, மஞ்சள், பூண்டு முதலியவற்றின் சாறுகள் ஆகியனவும் விற்பனையில் உள்ளன. இவை நேரடியாக ஆற்றலை மீட்பதைவிடக் குடல்நலத்தைக் காப்பதற்கே உரியவை. தூய்மையான ஆய்வுக்கூடத்தில் பயன் காட்டாத சேர்க்கை, பழைய ஆழ்கூளத்தின்மேல் நெருக்கமாக வளரும் கோழிகளில் பயன் தருவதும் உண்டு. தாவரச் சாறுகளில் செயற்பொருளின் அளவு தொகுதிக்குத் தொகுதி மாறுவதால் அவற்றைப் பற்றிப் பொதுமுடிவு கூறுவது கடினம்.

நுண்ணுயிர் எதிரிகளின் விலகல்

துணைச்சேர்க்கைகளின் சந்தை இவ்வளவு விரிந்ததற்கு மற்றொரு வரலாற்றுக் காரணமும் உண்டு. ஐக்கிய அமெரிக்காவில் இலெடர்லி ஆய்வகத்தைச் சேர்ந்த தாமசு சூக்சும் இராபர்ட்டு சிடோக்சுடாடும் உயிர்ச்சத்து பி12 தேடலின்போது, குளோர்டெட்ராசைக்ளின் நொதித்தல் கழிவைத் தின்ற குஞ்சுகள் விரைவாக வளர்வதை 1940களின் இறுதியில் கண்டனர். அதன்பின் நுண்ணுயிர் எதிரிகளைச் சிறிதளவில் தீவனத்தில் நாள்தோறும் சேர்ப்பது வழக்கமாயிற்று. இவ்வழக்கம் மருந்துக்கு அடங்காத நுண்ணுயிரிகளை உருவாக்கும் என்று பிரித்தானியாவின் சுவான் குழு 1969இல் எச்சரித்தது. சுவீடன் 1986இல் வளர்ச்சி ஊக்கிகளாக நுண்ணுயிர் எதிரிகளைத் தடைசெய்தது; ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006 சனவரி 1 முதல் தடை நடைமுறைக்கு வந்தது.

கொலிசுட்டின், வேறு மருந்துகள் கைவிட்ட நோயாளிகளுக்கு இறுதியாகக் கொடுக்கப்படும் மருந்துகளுள் ஒன்று. இதற்கு எதிர்ப்பு தரும், ஒரு நுண்ணுயிரியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவக்கூடிய மரபணு ஒன்று சீனாவில் கண்டறியப்பட்டதாக 2015 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. அம்மருந்து அந்நாள்வரை இந்தியாவில் கோழித் தீவனச் சேர்க்கையாகத் தடையின்றி விற்கப்பட்டு வந்தது. உணவுக்கென வளர்க்கப்படும் விலங்குகளுக்கும் கோழிகளுக்கும் தீவனச் சேர்க்கைகளுக்கும் கொலிசுட்டின் தயாரிப்பதையும் விற்பதையும் இந்திய நலவாழ்வு அமைச்சகம் 2019 சூலையில் தடைசெய்தது.

வளர்ச்சி ஊக்கிகள் நீக்கப்பட்ட தீவனத்தில் குடலழற்சி நோய், குறிப்பாக குளோசுட்ரிடியம் பெர்பிரிஞ்சன்சு ஏற்படுத்தும் குடல் அழுகல், தலைதூக்குகிறது. செரிக்காத புரதம் குடலின் பிற்பகுதியைச் சென்றடைவது இந்நுண்ணுயிரிக்கு ஏற்றது. ஆற்றலைக் குறைப்பதற்காகச் செரிமானம் குறைந்த பிண்ணாக்குகளைச் சேர்க்கும்போது இவ்விடர் கூடுகிறது.

ஆய்வு முடிவுகளைப் படித்தல்

ஒரு சேர்க்கை ஆற்றல் குறைவை ஈடுசெய்கிறது என்று நிறுவ மூன்று குழுக்களாவது தேவை: முழு ஆற்றல் தீவனம் உண்ணும் குழு, ஆற்றல் குறைத்த தீவனம் உண்ணும் குழு, ஆற்றல் குறைத்த தீவனத்துடன் சேர்க்கையையும் உண்ணும் குழு. விளம்பரங்களில் பெரும்பாலும் முதலாவதும் மூன்றாவதும் மட்டுமே ஒப்பிடப்படுகின்றன. இரண்டும் ஒரே எடையை அடைந்தன என்று காட்டினால் சேர்க்கை வேலை செய்தது போலத் தோன்றும். ஆனால் கோழி தானே கூடுதலாக உண்டு ஈடுசெய்யக்கூடியது. இரண்டாவது குழுவும் அதே எடையை அடைந்திருந்தால், சேர்க்கைக்குக் கொடுத்த பணம் வீண். இரண்டாவது குழு பின்தங்கி மூன்றாவது குழு மீண்டிருந்தால் மட்டுமே சேர்க்கையின் பயன் மெய்ப்பிக்கப்படுகிறது.

எடையை மட்டும் காட்டி, உண்ட தீவனத்தின் அளவைக் காட்டாத அறிக்கைகளும் உள்ளன. ஆற்றல் குறைத்த தீவனத்தில் முதலில் மாறுவது எடை அன்று; பண்ணைகளில் எப்.சி.ஆர். எனப்படும் தீவன மாற்று விகிதமே முதலில் மாறும். மேலும், ஒரு கூண்டில் உள்ள கோழிகள் யாவும் ஒரே தொட்டியில் உண்பதால், ஆய்வின் அலகு கூண்டே ஒழியத் தனிக்கோழி அன்று. குழுவுக்கு நான்கு கூண்டுகள் மட்டும் வைத்து நடத்தும் ஆய்வில் 2 விழுக்காடு வேறுபாடு கண்ணுக்குத் தப்பிவிடும். அத்தகைய அறிக்கையில் வரும் "வேறுபாடு காணப்படவில்லை" என்ற சொற்களுக்கு, வேறுபாடு இல்லை என்று பொருள்கொள்ளக் கூடாது. பண்ணையின் இலாபம் முழுவதும் அந்த 2 விழுக்காட்டுக்குள் அடங்கியிருக்கக்கூடும்.

வெப்பக் காலத்தில் ஆற்றல் குறைப்பு

கோழிகளுக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. அவை மூச்சிரைத்தே உடலின் வெப்பத்தைத் தணிக்கின்றன. வெயில் கடுமையாகும்போது உண்பதைக் குறைத்துக்கொள்கின்றன. ஆற்றல் குறைத்த தீவனத்தின் அடிப்படை எதிர்பார்ப்பான கூடுதல் உண்ணல் அப்போது நிகழாது. அதோடு, மாவுச்சத்தும் புரதமும் செரித்துப் பயன்படும்போது உடலில் வெளிப்படும் வெப்பம், கொழுப்பு பயன்படும்போது வெளிப்படுவதைவிட மிகுதி. எனவே சித்திரை, வைகாசி மாதங்களில் எண்ணெயை நீக்கி ஆற்றலைக் குறைப்பது இரு வகையிலும் தவறான திசையில் செல்வதாகும். அப்பருவத்தில் எண்ணெயின் பங்கைக் காத்துக்கொண்டு, மிகைப் புரதத்தைக் குறைத்துத் தனி அமினோ அமிலங்களால் ஈடுசெய்வதே பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. சோடியம் பைகார்பனேட்டு, பொட்டாசியம் குளோரைடு, உயிர்ச்சத்து சி, பீட்டெயின் ஆகியவை இக்காலத்தில் சேர்க்கப்படுகின்றன. நண்பகலில் தீவனத்தை விலக்கி, விடியற்காலையிலும் இரவிலும் உண்ணவிடும் வழக்கத்துக்குச் செலவே இல்லை.

ஒப்பந்த வளர்ப்பில் இதன் விளைவு

தமிழ்நாட்டில் கோயம்புத்தூர், பல்லடம், உடுமலைப்பேட்டை வட்டாரங்களில் 1990களில் பரவிய ஒப்பந்த முறையில், குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனத்தினுடையவை; கொட்டகை, மின்சாரம், உழைப்பு ஆகியன உழவருடையவை. உயிர் எடையில் கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி தரப்படுகிறது. தீவன மாற்று விகிதமும் இறப்பு விகிதமும் கூலியை ஏற்றியோ இறக்கியோ கணக்கிடப் பயன்படுகின்றன.

இவ்வமைப்பில் தீவனத்தின் ஆற்றலை முடிவுசெய்பவர் ஒருவர், அதன் விளைவு அளக்கப்படும் இடம் மற்றொருவரின் கொட்டகை. 3100 கிலோகலோரித் தீவனத்தில் 1.60 ஆக இருந்த மாற்று விகிதம், 3000 கிலோகலோரித் தீவனத்தில் கோழி முழுமையாக ஈடுசெய்தாலும் 1.65 ஆகிவிடும். 2 கிலோ எடையுள்ள கோழி 3.2 கிலோவுக்குப் பதிலாக 3.3 கிலோ தின்றிருக்கும். தீவனத்தின் விலை அதைவிடக் கூடுதலாகக் குறைந்திருந்தால் நிறுவனத்துக்கு இது இலாபமே. ஆனால் ஒப்பந்தத்தின் இலக்கு விகிதம் பழைய தீவனத்துக்குரியதாகவே இருந்தால், உழவர் மோசமாக வளர்த்ததாகக் கணக்கில் தோன்றும். தீவன மூட்டையின்மீது ஆற்றல் அளவு அச்சிடப்பட்டிருந்தாலும் உழவரால் கொட்டகையில் அதனைச் சரிபார்க்க வழியில்லை. ஆய்வகங்களும் புரதம், நார், கொழுப்பு, சாம்பல் ஆகியவற்றை அளந்து ஆற்றலைச் சூத்திரத்தால் மதிப்பிடுகின்றனவே தவிர நேரடியாக அளப்பதில்லை. ஆற்றல் அளவு மாறும் ஒவ்வொரு முறையும் இலக்கு விகிதத்தையும் ஆற்றலின் அடிப்படையில் மாற்றியமைப்பது, அதாவது ஒரு கிலோ எடைக்கு எத்தனை கிலோகலோரி செலவானது என்று கணக்கிடுவது, இச்சிக்கலுக்கு ஒரு தீர்வாகும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் இரு தீவனங்களுக்கும் அந்த அளவு ஏறத்தாழ 4960 கிலோகலோரி.